வோட்டு இல்லாத வீட்டுக்கு வந்தவர்

28.9.97 ஞாயிறு

கண்ணர், இன்று ஒருவர் வந்து கதவைத் தட்டினார். மரியரட்ணம் என்று பெயர். நவம்பரில் நகரசபைத் தேர்தலில் நிற்கிறாராம். ஊரில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவராம். அதைக் கேட்டதும் கதவுச் செயினைக் கழற்றாமலே கதைத்தேன்.

"எனக்கு வோட்டு இல்லை அண்ணை. இன்னும் இந்த நாட்டுச் சிற்றிசன் எடுக்கேல்லை."

"தெரியும் தங்கச்சி. வோட்டுக்கு வரேல்லை."

வோட்டு இல்லாத வீட்டுக்கு வேறு எதுக்கு வருவினம்?

29.9.97

அவர் தந்த இங்கிலீஸ் நோட்டீசை எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. வென்றால் மூன்று விசயத்தை முதலில் செய்விப்பாராம். தமிழ் கதைக்கிற பொலிஸ் எடுப்பது. பொலிஸ் காரிலேயே சுற்றாமல் இந்தக் கட்டடங்களுக்குள் படியேறி நடப்பது. ஒழுங்காக விசாரிக்காமல் மூடின கேசுகளைத் திரும்பத் திறப்பது.

மூன்றாவது உங்கள் கேஸ், கண்ணர். படியில் தவறி விழுந்து, தலை அடிபட்டு மரணம் — அவ்வளவுதான் எழுதி மூடினார்கள். நீங்கள் விழவில்லை. ஏழாம் மாடிப் படியில் இரண்டு பேர் மறித்து அடித்தவங்கள். அந்த இரண்டு பேரும் இப்பவும் அதிலைதான் நிண்டு சிகரெட் பத்துறாங்கள். லிஃப்ட் பழுதென்றால் நான் அவங்களைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

அகதிதானே எண்டு மூடிப்போட்டாங்கள். வேறென்ன?

5.10.97

பக்கத்து வீட்டுச் சந்திரவதனாக்கா சொல்கிறா: "உவர் உன்ரை கண்ணீரை வைச்சு வோட்டு எடுக்கப் போறார். மனிசன்ரை படம் கேட்டால் குடுத்துப்போடாதை."

குடுக்க மாட்டன்.

11.10.97

மரியரட்ணத்தார் திரும்ப வந்தார். படம் கேட்கவில்லை. உங்கள் கேசில் பொலிஸ் என்ன எழுதினது என்று கேட்டு எடுக்க, மனைவியின் கையெழுத்து வேணுமாம். போட்டேன். அவர் போன பிறகுதான் யோசித்தேன். எதில் போட்டேன்? அங்கை பொலிசில் இருந்தவர், ஆர் ஆரைப் பிடிச்சுக் குடுத்தாரோ. அவர் தேத்தண்ணி குடித்த கோப்பையை இரண்டு தரம் கழுவினேன்.

19.10.97

இன்றும் லிஃப்ட் பழுது. பதினொரு மாடி. ஏழாம் மாடியில் அவங்களில் ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

24.10.97

மரியரட்ணத்தார் வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"தங்கச்சி, பொலிஸ் தன்ரை பாட்டிலை எழுதேல்லை. ஆஸ்பத்திரியிலை மனிசிதான் விழுந்தவரெண்டு சொன்னவ எண்டு அவங்கள் தந்த பேப்பரிலை கிடக்கு."

நான் தேத்தண்ணி வைக்கத் திரும்பினேன்.

"பயத்திலை சொன்னனீங்களோ?"

"பொலிசுக்கு உண்மையைச் சொல்லி எங்கடை ஊரிலை ஆர் அண்ணை தப்பினது? இன்ஸ்பெக்டரா இருந்தனீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கோ."

"ஒருத்தரும் இல்லை" என்றார்.

25.10.97

ஓம். நான்தான்.

ஆர் மூடினது, ஆர் மூடினது எண்டு இந்த எட்டு மாதமும் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிஞ்சன். இரத்தத்தோட வந்து வாசலிலை நிண்டு நீங்கள் எனக்குச் சொன்னியள். ஏழாம் மாடிப் படியிலை நிக்கிற ரெண்டு பேர்தான் அடிச்சவங்கள் எண்டு. ஆனா ஆஸ்பத்திரியிலை பொலிஸ் உடுப்பைக் கண்டதும் என்ரை வாய் தானாச் சொல்லிப்போட்டுது. எங்கடை அகதிக் கேசும் அப்ப முடியேல்லை.

2.11.97

டெலிபோனில் அவரிடம் கேட்டேன். "இப்ப மாத்திச் சொன்னால் பொய்க்காரி எண்டு திருப்பி அனுப்புவாங்களோ?"

"ஏசுவாங்கள். அனுப்ப மாட்டாங்கள் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களோ?"

"தேர்தலிலை வெல்லுவன் எண்டும்தான் நினைக்கிறன் தங்கச்சி."

கன நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. வைத்துவிட்டு அழுதேன்.

11.11.97

மரியரட்ணத்தார் தோற்றுப்போனார். "இனி ஏன் உன்னட்டை வாறார்?" என்கிறா சந்திரவதனாக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது.

14.11.97

காலை ஒன்பது மணிக்கு அவர் என்னைக் கூட்டிப்போகக் கீழே காரோடு நின்றார்.

பொலிஸ் ஸ்டேசனில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தா. முந்திச் சொன்னது பொய் என்று சொன்னேன். ஏசினார்கள். ஏன் பயந்தாய் என்றும் கேட்டார்கள். இரண்டு பேரின் முகத்தையும், நிற்கிற நேரத்தையும் சொன்னேன். எல்லாம் எழுதினார்கள். விசாரிப்பார்களா, தெரியாது. மரியரட்ணத்தார் வெளியே மர வாங்கில் குளிருக்குள் இருந்தார்.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பொலிஸ் என்னைக் கேட்கேக்கை, வாய் பேச ஏலாமல் கிடந்த நீங்கள் என்ரை கையை இறுக்கினியள். சொல்லாதை எண்டாக்கும் எண்டு நினைச்சன் கண்ணர்.

சொல்லு எண்டோ இறுக்கினனீங்கள்?