பொறாமைக்கு இரண்டு சொல்

கவாலா,
தவக்காலம், நான்காம் வாரம்

அன்பு மகள் அர்கிரோவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை. இந்த ஈஸ்டருக்கு வரமாட்டேன், பேராசிரியை ஹெல்கா வீட்டில் தங்கி வாரம் முழுக்க ஒரே ஒரு பக்கத்தைப் படிக்கப்போகிறோம் என்று போனில் சொன்னாயே, அதை அப்பாவிடம் சொன்னேன். படிக்கத்தானே போறா, விடு என்று சொல்லிவிட்டுக் கணவாய் மீன் சுத்தம் செய்யப் போய்விட்டார். எனக்கு விட முடியவில்லை. நீ போன் செய்தாலே ஹெல்கா சொன்னாள், ஹெல்கா சிரித்தாள், ஹெல்கா கேக் செய்தாள். நம் பழைய கிரேக்க மொழியை உனக்கு ஒரு ஜெர்மன்காரி சொல்லித்தர வேண்டுமா? இந்த வருஷம் அவர்கள் ஈஸ்டர் நமக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுகிறது. தன்னுடையதைக் கொண்டாடி முடித்துவிட்டு என்னுடையதையும் எடுத்துக்கொள்கிறாளே!

அந்த ரோஷத்தில்தான் நூலகத்தில் வியாழன்தோறும் கூடும் வாசிப்பு வட்டத்தில் சேர்ந்தேன். பழைய கிரேக்கத் தத்துவ நூல் ஒன்று, ஒரு மாலைக்கு இரண்டு வரிதான் நகரும். போன வாரம் அடுத்தவரின் நல்லதைப் பார்க்கிறவனைப் பற்றிய இடம் வந்தது. அதில் ‘ஸிலோ’ என்று ஒரு சொல். பொறாமைப்படுகிறேன் என்பதற்கு நாம் ‘ஸிலேவோ’ என்கிறோமே, அதேதான் என்று நினைத்து, அகராதியைக்கூடத் திறக்காமல், பாத்தீங்களா, நல்லவங்களுக்குத்தான் பொறாமை வருமாம், அந்தக் காலத்துலயே எழுதிவெச்சிருக்காங்க என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். மருந்துக்கடை பொலிக்செனி இருக்கிறாளே, அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடியே ஃபோட்டினி, உன் வயித்தெரிச்சலை அதுல ஏத்தாதே, எழுதியிருக்கிறதைப் படி என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு, ஒருவரிடம் இருக்கும் நல்லதைப் பார்த்து நாமும் அதற்குத் தகுதியாக வளர வேண்டும் என்று ஏங்குவதுதான் பொருளாம். வயிற்றெரிச்சலுக்கு வேறு சொல், ‘ஃப்தோனோஸ்’. எனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவளிடம் இருக்கக்கூடாது என்பது அது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஹெல்காவைப் போலப் படிக்க எனக்கு ஆசையா? கொஞ்சம்கூட இல்லை, அந்த வினைச்சொற்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. என் பெண் அவள் மேஜையில் உட்காரக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே எனக்கு இருப்பது இரண்டாவது சொல், மகளே. அதற்கு அலங்காரம் எதுவும் செய்யப்போவதில்லை.

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்காதே, வெறும் காபியோடு காலையை ஓட்டாதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இந்தக் கடிதத்தை ஹெல்காவிடம் மறக்காமல் படித்துக்காட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறவள், இதையும் ஆற அமரப் படிக்கட்டும். ஒரு தாய் தன் பெண்ணை வீட்டுக்கு வா என்று கூப்பிடுவதைத் தவிர இதில் வேறு பொருள் இருந்தால் அவளே சொல்லட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா ஃபோட்டினி