இடக்கைக் காப்பு

ரொக்ஸ்பரோ
தை மாதம்

அன்பின் குணேஸ்வரிக்கு,

நான் சுகம். உன் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறாயா?

நான் போட்டுப் பார்க்காத சாமானை விற்பதில்லை என்பது உனக்குத் தெரியும். சுழியோடிகளுக்கான நீர்புகாக் கையுறை புதிதாக வந்திருக்கிறது. உள்ளே கம்பளி உறை போடவேண்டும் என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுத்தேன். மணிக்கட்டு ரப்பரின் கீழே நூலொன்று கிடந்தால், நீர்புகா உடுப்புக்குள் இருக்கும் காற்று அதன் வழியே விரல்களுக்குப் போகும், கை விறைக்காது. வலக்கையில், ஐப்பசியில் கௌரி விரதத்துக்கு நாம் இருவரும் கட்டிய நூல் காப்பு இருந்தது. இடக்கைக்கு நூல் வைக்க மறந்துவிட்டேன்.

உறைந்த ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் இறங்கியதும், நீரின் அழுத்தத்தில் இடக்கை நசுங்கி விறைத்தது. அந்தக் கையில்தான் மேலே வரும் வழிக்கயிறு இருந்தது. அது நழுவத் தொடங்கியபோது, யாரோ பொத்திப் பிடித்ததுபோல விரல்கள் சூடாகின.

மேலே வந்து கையுறைகளைக் கழற்றினேன். கூட வந்த தனோஜன் சிரித்தான். "என்ன அண்ணை, பொம்பிளையள் மாதிரி இடக்கையிலயும் காப்புக் கட்டியிருக்கிறியள்?"

அந்த நூல் என்னுடையதல்ல. இன்னும் மஞ்சள் மணக்கிறது.

பயப்படாதே. ஊரிலிருந்து ஒடியல் மா கொஞ்சம் அனுப்பு. கடை திறக்க நேரமாகிறது. போனில் கேட்க வாய் வரவில்லை. உன் இடக்கையைப் பார்த்து எழுது.

உன்
இரவிச்சந்திரன்