அந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள்

மந்தைவெளி
21.10.2024

அன்புள்ள தேசம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஜெனிதாவின் வகுப்பாசிரியை எழுதுகிறேன். சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு, ஒன்பதாம் வகுப்பில் மூன்று வீடுகளைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த மூன்றில் உங்கள் வீடும் ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்தே நீங்கள் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை என்கிறது பதிவேடு. வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் யாரோ பட்டென்று துண்டித்துவிட்டார்கள். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

காலாண்டுத் தேர்வில் ஜெனிதாவுக்குக் கணக்கில் முப்பத்தொன்று. மக்குப் பெண் இல்லை அவள். விடை தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், அதுதான் எனக்குப் புரியவில்லை. எத்தனை வேலை இருந்தாலும் பெற்ற பெண்ணுக்காக அரை மணி நேரம் கிடைக்காதா உங்களுக்கு?

இப்படிக்கு,
விசாலாக்ஷி


சாந்தோம்
22.10.2024

மதிப்புக்குரிய டீச்சர் அம்மாவுக்கு,

தேசம்மா எழுதும் வணக்கம். எட்டாவது வரை படித்தவள் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் கூட்டம் வைக்கிறீர்கள். எனக்கு மார்க்கெட்டில் மீன் விற்கிற நேரம் அதுதான். ஒன்பது மணிக்குக் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தால் மீன் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். பெற்ற பெண்ணுக்காக அரை மணி கிடைக்காதா என்று கேட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அழுதேன், கோபமும் வந்தது. எழுதாமல் விட்டால் மனம் ஆறாது, அதனால் எழுதிவிட்டேன்.

உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன், அந்த எண்ணுக்கு இனிமேல் கூப்பிடாதீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், அது என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜிடம் இருக்கிறது. சீருடை சரியில்லை என்று ஒரு தடவை, தாமதம் என்று நாலு தடவை, மார்க் இல்லை என்று ஒரு தடவை பள்ளியில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளி என்று அதில் பெயர் வந்தாலே அவர் முகம் கறுத்துப்போகும். குடிக்கிறவரோ அடிக்கிறவரோ இல்லை, ரோஷக்காரர். நீங்கள் மூன்று முறை கூப்பிட்ட அன்று, “இன்னொரு வாட்டி அங்கருந்து போன் வந்துச்சின்னா படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், காசிமேட்டுல எங்க அக்கா வூட்ல கொண்டுபோய் வுட்டுடுவேன்” என்று மாதா படத்தின் முன்னால் நின்று சொன்னார். சொன்னால் செய்துவிடுவார்.

எது என்றாலும் எனக்கு எழுதுங்கள். ஜெனிதாவின் டைரி அட்டைக்குள் வைத்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
தே. தேசம்மா


மந்தைவெளி
24.10.2024

அன்புள்ள தேசம்மா,

உங்கள் கோபம் நியாயமானது. இருபத்தாறு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை காலை யாருக்கு வசதி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

அந்த எண்ணுக்குக் கூப்பிட மாட்டேன், இது என் வாக்கு. மதிய இடைவேளையில் ஜெனிதாவை என் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் பயந்து பயந்து வந்தாள். இன்று நான் போட்ட கணக்கிலேயே தப்புக் கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்லலாமா கூடாதா என்று விழித்துக்கொண்டு நின்றாள். சொல்லுடி என்று அதட்டிய பிறகுதான் சொன்னாள்.

அன்புடன்,
விசாலாக்ஷி


சாந்தோம்
12.11.2024

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஜெனிதா சொன்னாள். வீட்டில் வாயைத் திறந்தால் உங்கள் புராணம்தான். டீச்சர் இப்படி உட்காருவாங்க, இப்படிக் கண்ணாடியைத் தூக்கிவிடுவாங்க என்று நடித்துக்காட்டுகிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நன்றாகவே நடிக்கிறாள்.

அவள் கணக்குப் போடும்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்க்கிறார். நேற்று அவராகவே டிவி சத்தத்தைக் குறைத்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. போன வெள்ளிக்கிழமை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனீர்கள். ஜெனிதா நடித்துக்காட்டியபடியே கண்ணாடியைத் தூக்கிவிட்டதைப் பார்த்து நீங்கள்தான் என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் மீன் வாங்க வேண்டாம். நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் அல்லவா?

அன்புடன்,
தேசம்மா


சாந்தோம்
25.11.2024

டீச்சர் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஜாஸ்மினிடம் கொடுத்தனுப்புகிறேன். கொண்டுவர ஜெனிதா இங்கே இல்லை.

அவள் என்ன தப்புச் செய்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அந்த எண்ணுக்கு ஐந்து முறை கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தாராம். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சத்தம்கூடப் போடவில்லை. புத்தகப் பையைப் பரண்மேல் தூக்கி வைத்தார். “அஞ்சு வாட்டி கூப்புட்டாங்கன்னா எம்மாம் பெரிய தப்பு பண்ணிருப்ப நீ?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் ஒன்றுமே செய்யவில்லை என்று தேம்பினாள். சனிக்கிழமை விடிந்ததும் காசிமேட்டில் அவர் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். என் மகள் இப்போது அவர்களோடு இறால் உரிக்கப் போகிறாள். அவளுக்குப் பதினான்கு வயது.

நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். அதை நம்பித்தான் வீட்டுக் கதையெல்லாம் உங்களுக்கு எழுதினேன்.

தேசம்மா


மந்தைவெளி
26.11.2024

தேசம்மா,

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கணக்குத் தேர்வில் எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். அடையாறில் பள்ளிகளுக்கிடையே நடக்கிற கணிதப் போட்டிக்கு நம் பள்ளியில் இருந்து அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவளுக்குக்கூடச் சொல்லவில்லை. அப்பா வாயால் கேட்கட்டும், வீடே சந்தோஷப்படும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை என்றதும் பிடிவாதமாக மறுபடி மறுபடி கூப்பிட்டேன். நல்ல செய்திக்கு வாக்கு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பள்ளியில் இருந்து நல்லதற்கும் கூப்பிடுவார்கள் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு முறையாவது அப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டும். என் அவசரபுத்தியால் ஒரு பெண்ணின் படிப்பு போகப்போகிறது. நேற்று உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

இதை ஒளித்து வைக்காதீர்கள். அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

விசாலாக்ஷி


சாந்தோம்
2.12.2024

டீச்சர் அம்மாவுக்கு,

படித்துக் காட்டினேன். நம் பழைய கடிதங்களையும் கேட்டார். உங்களுடையதையும், நான் பழைய நோட்டில் முதலில் எழுதிப் பார்த்திருந்ததையும் படித்தேன். ரோஷக்காரர் என்று நான் எழுதிய இடத்தில் மட்டும் என்னை முறைத்தார். இனி வருவது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாதாம்.

“இன்னா டீச்சர், எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் இம்மாம் நாளா லெட்டர் போட்டுக்கினு இருந்தீங்களா? எனக்கும் ஒண்ணு போட்டிருக்கலாமே. படிக்க வரலன்னா இன்னா, படிச்சுக் காட்ட வூட்ல ஆள் கீது. நானும் பள்ளிக்கூடம் போனவன்தான். எங்கம்மாவ இட்டுக்கினு வரச் சொல்லுவாங்க. மீன் கூடையோட வந்து நிக்கும். அத்தினி பேரு எதிர்ல திட்டுவாங்க. எங்கம்மா திட்டு வாங்கறத பாக்க முடியாமத்தான் ஆறாவதோட நின்னுட்டேன். அஞ்சு வாட்டி போன் வந்தா நான் வேற இன்னா நெனைப்பேன்?

“நேத்து காசிமேடு போனேன். பொண்ணாண்ட எழுபத்தெட்டுன்னு சொன்னேன், நம்பல. உங்க லெட்டர குடுத்தேன். படிச்சிட்டு ரொம்ப நேரம் அழுதுச்சு. சரி வா, வூட்டுக்குப் போலாம்னு கூப்புட்டேன். ‘இன்னிக்கு வரேன்பா. நாளைக்கு ஸ்கூல்லருந்து இன்னொரு போன் வந்தா திரும்ப இங்கதானே கொண்டாந்து வுடுவ?’ன்னு கேட்டுச்சு. தனியா திரும்பி வந்துட்டேன்.

“ஒம்பதாந்தேதி அரையாண்டுப் பரீட்சைன்னு தேசம்மா சொல்லுது. நான் கூப்புட்டா அது வராது. நீங்க என்கூட காசிமேட்டுக்கு வரணும். உங்களுக்கு அந்த வாசனை ஒத்துக்காது, தெரியும். வந்து, அது எதிர்ல வச்சு என்கிட்ட பேசுங்க. நல்லதோ கெட்டதோ, பேசுங்க. நான் நின்னு கேக்கறத எம்பொண்ணு பாக்கட்டும்.”

இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் எழுதியது.

ஆரோக்கியராஜ்
ஜெனிதா அப்பா