கன்னியாகுமரிக்குக் கூட வர ஓர் ஆள்

6-10-91, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு வெயில். மோட்டார் சைக்கிள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி மாட்டினேன். பின் பிரேக் இன்னும் சரியில்லை.

டிசம்பரில் கன்னியாகுமரி, வண்டியிலேயே. தேவகி பின்னால் உட்கார்ந்து வருவதாகச் சொல்லிவிட்டாள். கல்யாணமானதிலிருந்து காஞ்சிபுரத்தைத் தாண்டி அவளை எங்கும் கூட்டிப் போனதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. துணைக்கு இன்னொரு வண்டி வேண்டும். ஓட்டுகிறவன் அவளுக்குப் பிடித்தவனாக இருக்க வேண்டும்.

எல்லாம் போன வருஷ ஏற்காடு பயணம் செய்த வேலை. தொப்பூர் இறக்கத்தில் என் செயின் அறுந்தது. கூட வந்த இரண்டு மகாராசன்களும் திரும்பிக்கூடப் பார்க்காமல் சேலம் போய் பரோட்டா தின்றார்கள். டீ குடிக்க நின்றுவிட்டேன் என்று நினைத்தார்களாம்!

"உங்களயே அம்போன்னு வுட்டுட்டு போனானுங்க. அவனுங்கள நம்பி நான் பின்னாடி குந்திக்கினு வரணுமா?" என்கிறாள். நியாயம்தான்.

8-10-91, செவ்வாய்

எங்கள் கம்பெனி பிரஸ் ஷாப் பாஸ்கரைக் கேட்டேன். நன்றாக ஓட்டுவான். வண்டியும் பளபள. ஆனால் இரண்டு கண்ணாடியையும் கழற்றி வைத்திருக்கிறான்.

"கண்ணாடி இன்னாத்துக்குணா? பின்னாடி வர்றவன் பாத்துக்குவான்."

ஹெல்மெட் கேட்டால் முடி கலையுமாம். வேண்டாம் சாமி.

அரிசி மிஷினுக்குப் போக மறந்தேன். திட்டு.

10-10-91, வியாழன்

பெயிண்ட் ஷாப் அந்தோணி. தூத்துக்குடிக்காரர், பிள்ளைப்பாக்கத்தில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். வண்டி பழசு, ஆனால் ஒரு நட்டு ஆடவில்லை. சீட்டுக்கு அடியில் பை: ஸ்பானர், பஞ்சர் ஒட்டுப் போடும் சாமான், கைப் பம்பு, கிளட்ச் கேபிள், சணல் கயிறு. எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது.

நான் அவரைக் கேள்வி கேட்கப் போனால் அவர் என்னைக் கேட்கிறார். நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் கிளம்புவீர்களா? இருட்டிய பிறகு ஓட்டுவீர்களா? பஸ்ஸோடு போட்டி போடுவீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு.

"சரி அண்ணாச்சி, ஒரு நாள் ஓட்டிப் பாப்போம். பொறவு சொல்லுதேன்."

தேவகிக்குக் கேட்டதுமே பிடித்துவிட்டது. ஆயுத பூஜை லீவு அன்று காஞ்சிபுரம் வரை ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.

செவ்வாய், பூஜைக்கு முதல் நாள்

கம்பெனியில் பூஜை. டூல் ரூம் பொறுப்பு என்பதால் எல்லாரிடமும் சாமான்களை வாங்கி வரிசையாக வைக்கும் வேலை என்னுடையது. சுத்தியல் முதல் அளவு பார்க்கும் கேஜ் வரை, எல்லாவற்றுக்கும் சந்தனம். என் வண்டிப் பையையும் கொண்டுபோய் வைத்தேன்.

அந்தோணியின் பையையும் கேட்டேன்.

"வண்டிச் சாமானுமா? நான் வேதக்காரன் அண்ணாச்சி."

"உன் ஸ்பானர் எந்த மதம்யா?"

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். பொரி, சுண்டல், கேசரி. டூல் ரூமைப் பூட்டிவிட்டு வந்தேன். மறு பூஜை முடியும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

புதன், பூஜை லீவு

எப்படி எழுதுவது. மானம் போன நாள்.

காலையில் வண்டியைக் கழுவிப் பூஜை போட்டோம். தேவகிக்குச் சந்தனம் வைப்பதில் தாராளம். ஹெட்லைட், டேங்க், இரண்டு கண்ணாடியிலும் வடை அளவுக்குப் பொட்டு. கண்ணாடியை மட்டும் துடைக்கட்டுமா என்றேன். "நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிப்பாங்களா?" விட்டுவிட்டேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பினோம். முன்னால் நாங்கள், பின்னால் அந்தோணி.

வல்லக்கோட்டை தாண்டியதும் ரோடு காலி. தேவகி பேசிக்கொண்டே வந்தாள். தன் பள்ளிக்கூடக் கதை, தங்கை கல்யாணச் சண்டை, எல்லாம். இவ்வளவு பேசுவாளா இவள்? எனக்கு அவ்வளவு சந்தோஷம். காஞ்சிபுரம் எல்லையில் நிறுத்தினேன்.

"தம்பி எங்க?" என்றாள்.

கண்ணாடியைப் பார்த்தேன். சந்தனம்தான் தெரிந்தது.

வந்த வழியே திரும்பினோம். வாலாஜாபாத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தார். பின் டயர் தட்டையாகக் கிடந்தது.

"ஹாரன் அடிச்சேன், கையக் காட்டினேன். நீங்க போயிட்டே இருந்தீய," என்றார். கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்றது.

ஒட்டுப் போட்டுவிடலாம் என்று பக்கப் பெட்டியைத் திறந்தேன். காலி. அவர் சீட்டைத் தூக்கினார். காலி. இரண்டு பையும் கம்பெனியில், பூட்டிய அறையில், சாமி முன்னால். சாவி என் இடுப்பில். ஊருக்கெல்லாம் பரீட்சை வைத்தவன் நான்!

வாலாஜாபாத் வரை தள்ளினோம். பஞ்சர் கடைக்காரர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "சாமான் பூஜைல கீது சார். இன்னிக்கு தொட மாட்டேன்." யாரைக் குற்றம் சொல்ல? பிறகு ஒரு டிராக்டர்காரரிடம் கெஞ்சி அந்தோணியையும் வண்டியையும் ஏற்றினோம். பிள்ளைப்பாக்கம் வரை அதன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் இறங்கும்போது டிசம்பரைப் பற்றிக் கேட்டேன்.

"யோசிச்சு சொல்லுதேன் அண்ணாச்சி."

18-10-91, வெள்ளி

பகலெல்லாம் மழை. கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்தேன், இப்போது.

"பொட்டு வச்சது நான்தான். நானும் திரும்பிப் பாக்கல, ஒத்துக்கறேன். ஆனா அவரு வரலன்னா நானும் வரல," என்றாள் தேவகி.

கேண்டீனில் அந்தோணியிடம் நேரடியாகவே கேட்டேன்.

"எங்க வீட்ல கேக்காங்க அண்ணாச்சி. நடுவழியில ஒண்ணுன்னா அந்த மனுசன் பாப்பாரான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

தயிர் சாதம் இறங்கவில்லை. ஒரு வருஷமாக அந்த ஏற்காட்டுக்காரன்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவர் வராவிட்டால் தேவகி வர மாட்டாள். அவள் வராமல் நான் மட்டும் கடலைப் பார்த்து என்ன செய்ய?

கிளம்பும்போது அவரே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் பக்கம் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்போமா என்றார். உடனே சரி என்றேன்.

20-10-91, ஞாயிறு

மழை இல்லை, மேகம் மட்டும். பைகள் இரண்டும் வண்டியில். மறுபடி நான் முன்னால், அந்தோணி பின்னால். அவர் சொன்னபடி.

ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். படப்பை தாண்டி ஒரு வளைவு. திரும்பியதும் கண்ணாடியில் ஆளைக் காணோம். வேகத்தைக் குறைத்தேன். வரவில்லை. தேவகியும் திரும்பிப் பார்த்தாள். "திருப்புங்க, திருப்புங்க!"

லாரி எதுவும் அவரை இடித்திருக்கக் கூடாதே என்று நினைத்துக்கொண்டே திருப்பினேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம், வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு மதகுச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு வண்டிக்கு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வாறீயளான்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏதோ கத்தவும் செய்தேன். தேவகி இறங்கிப் போய் அவர் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவர் ஒரு பிடி கடலையை அவளுக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டிசம்பருக்கு நாளைக்கே லீவு எழுதிக் குடுத்துருங்க அண்ணாச்சி. நானும் குடுக்கேன்."