பெயர் எழுதிய திரை

2007 மார்ச் 5
எனக்கு எழுத வராது. மனதில் உள்ளதை இந்தக் கேசட்டில் பேசி வைக்கிறேன், கேட்கப்போவதும் நான்தான்.

கம்ப்யூட்டரில் வாசல் கேற், யன்னல் கிறில் வரைய மகன்தான் காட்டித் தந்தான். கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் எனக்காகவே திரையில் படங்களை அடுக்கி வைத்தான். இடது ஓரத்தில் கோடு, அதற்குக் கீழே வட்டம், அதற்கும் கீழே வளைவு. கை தானாகப் போகும். வரைந்து பிரிண்ட் கொடுத்தால் பட்டறையில் அதைப் பார்த்து இரும்பை வெட்டி ஒட்டுவார்கள். இன்று திறந்தால் படம் ஒன்றையும் காணோம். எங்கும் இங்கிலீஷ் எழுத்து, இடமும் வரிசையும் மாறி.

மருமகள் றமீலா பின்னால் நின்று சிரிக்கிறாள். “ஒங்களுக்கு வசதியா மாத்தி வச்சிருக்கேன் மாமா. படம்னா குழப்பம். இப்ப எல்லாத்துக்கும் பேரு போட்டிருக்கு, பாருங்க.”

“நல்லா இருக்கும்மா.”

அவளுக்குத் தெரியாது. படித்த பெண், சொல்லிவிடாதே என்று மகனைத் தடுத்தவனே நான்தானே?

மார்ச் 6
இலக்கம் தெரியும். எழுத்துத்தான்... ஒரு கோடுகூடப் போடவில்லை.

மார்ச் 8
மயில்வாகனம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கடுகண்ணாவையில் வீடு. “கிறகரி, இரவிலை ஆரோ கல்லெறியிறாங்கள். மனுசி நித்திரை கொள்ளுறாளில்லை. கேற் எப்ப வரும்?”

“கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குங்க. அடுத்த கிழமை.”

வாய் கூசாமல் சொன்னேன். அவர் போனதும் றமீலா கேட்டாள்: “நான் வரஞ்சு தரவா மாமா?”

“வேணாம். அது என் வேலை.”

என்ன திமிர் எனக்கு?

மார்ச் 11
றமீலா கண் டொக்டரிடம் கூட்டிப்போனாள். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துச் சோதனை. தமிழ் ஆட்களை மட்டும் இறக்கினார்கள். என்னோடு அவளும் வெயிலில் நின்றாள், இல்லாத நோய்க்காக. டொக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார்.

மார்ச் 14
நேற்று ராத்திரி மயில்வாகனம் ஐயாவின் வீட்டு வளவுக்குள் யாரோ நுழைந்து யன்னலை நொறுக்கியிருக்கிறார்கள். மனைவி பத்மாதேவிக்குக் கண்ணாடி கிழித்துக் கையில் தையல். போனில் சொன்னார்: “கேற் இருந்திருந்தா உள்ளுக்கு வந்திருக்கமாட்டாங்கள்.” ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

றமீலாவிடம் போய் நின்றேன். “எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. ஒரு எழுத்தும் தெரியாது.” தலை நிமிரவில்லை. நான் என்ன மனுசன்?

அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். “ஒக்காருங்க. கண்ண மூடுங்க. கோடு போடணும்னா கை எங்க போகும்?”

கை போய் நின்ற இடத்தில் கோட்டுப் படத்தை வைத்தாள். பிறகு வட்டம், வளைவு. எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. ராத்திரி படுக்குமுன் கேற்றை வரைந்து முடித்தேன்.

மார்ச் 19
கடுகண்ணாவை வீட்டில் கேற் பொருத்தியாயிற்று. றமீலாவும் கூட வந்திருந்தாள். மயில்வாகனம் ஐயாவிடம் நானே சொன்னேன்: “சுணங்கினதுக்குக் கண்ணு காரணம் இல்லைங்க.” மிச்சத்தையும் சொன்னேன்.

அவர் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “பலமாத்தான் இருக்கு” என்றார். உள்ளே போய்ப் பூட்டைப் போட்டார். தேத்தண்ணி கொடுக்காமல் யாரையும் அனுப்பாத மனிதர்.

நான் கேற்றுக்கு வெளியே அப்படியே நின்றேன்.

“வாங்க மாமா,” என்றாள் றமீலா. “பஸ் போயிரும்.”