தொட்டில் சேலை துவைத்த வாரம்

மேல்பிரிவு, லிந்துலை
18.2.1961

அன்பு மகன் சின்னராசாவுக்கு அம்மா வீரம்மா எழுதுவது. காலைப்பனி எலும்பைக் குத்தினாலும் நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகமாகவே இருக்கிறோம், கொழும்பு வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். அப்பா தேயிலைச் செடியை மட்டம் வெட்டும் கவ்வாத்து வேலையில் விரலில் கத்தி பட்டுவிட்டது, இப்போது ஆறிவிட்டது, பயப்படாதே.

உன் கடிதம் கிடைத்தது. முப்பத்தாறு வயசுல மூணாம் வகுப்புப் படிப்ப வச்சுக்கிட்டு பிள்ளைக்காம்பரா ஆயா வேலைக்குப் போறீங்களாம்மா, தெரிஞ்ச கொழுந்தையே பறிச்சுக்கிட்டு இருங்க என்று எழுதியிருக்கிறாய். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. நீ அந்தக் கடையில் சேரும்போது உனக்கு ஒழுங்காகப் பொட்டலம் கட்டத் தெரியுமா? பதினாலு வயதில் கூடை தூக்கியவள் நான், போதும் என்று தோன்றிவிட்டது. நாகலெட்சுமி அக்கா கண் மங்கி ஆயா வேலையை விட்டதும், தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் நானே போய்க் கேட்டேன். எட்டாம் வகுப்புப் படிச்ச பிள்ளைகளே கேக்குறாங்க என்றார். எனக்கும் பேர் எழுதத் தெரியுங்க, ரெண்டு பிள்ளை வளத்திருக்கேங்க என்றேன். ஒரு வாரம் பார்க்கிறேன், சரிவராவிட்டால் கொழுந்து பறிக்க மலைக்கே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கெட்டிக்காரி என்று பேர் வாங்கும் ஆசையில் முதல் நாளே முட்டாள்தனம் செய்தேன். ஒவ்வொரு தாயும் காம்பராவில் தன் பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தானே மலைக்குப் போவாள். பதினாலு சேலையும் அழுக்கேறித் தொங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதும் அவற்றை அவிழ்த்து, வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, அடுப்படியில் உலர்த்தி, விடிந்ததும் பளிச்சென்று கட்டிவைத்தேன். அன்று ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. பதினாலும் சேர்ந்து போட்ட சத்தத்தில் தாய்மார் கூடையோடு மலையிலிருந்து ஓடிவந்தார்கள், சிவசாமி கங்காணி அவர்களுக்குப் பின்னால் கத்திக்கொண்டே வந்தார், டாக்டர் ஐயாவும் வந்து வாசலில் நின்றார். நாளைக்கும் இப்படின்னா நீ மலைக்குப் போயிரு வீரம்மா என்றார். அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் மீனம்மா தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தொட்டிலுக்குள் விரித்துப் படுக்கவைத்தாள். அது உடனே தூங்கிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது, நான் அழுக்கோடு தாய் வாசத்தையும் துவைத்துவிட்டேன். சாயங்காலம் அவரவர் சேலையைக் கையில் கொடுத்து, ராத்திரிக்கு இதப் போத்திக்கிட்டுப் படுங்க, காலையில கொண்டாங்க என்றேன். வீரம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு என்று சிரித்தாலும் எல்லாரும் செய்தார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் பதினாலும் தூங்கிவிட்டன. டாக்டர் ஐயா வந்து, என்னத்தக் குடிக்கக் குடுத்த என்று சந்தேகமாகக் கேட்டு ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுப் பார்த்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். போன சனிக்கிழமை அவரே வந்து, திங்கக்கிழமை மலை வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகாத, நேரா இங்க வந்துரு என்றார்.

இனிமேல் மாதத்துக்கு ஒரு தடவை துவைப்பதாக முடிவு செய்திருக்கிறேன், அதுவும் ஒரே நாளில் பதினாலையும் தொடமாட்டேன்.

சின்னராசா, நீயும் இரண்டு வருடம் அந்தக் காம்பராவில்தான் கிடந்தாய். பகலில் அழுதாயா, தூங்கினாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாகலெட்சுமி அக்காவைக் குறை சொல்லவில்லை, அவருக்கு நேரமில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை. இப்போது சாயங்காலம் பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது, இன்னைக்கு இவ்வளவு நேரம் தூங்குச்சு, இன்ன நேரம் அழுதுச்சு என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். அதற்கு மூன்றாம் வகுப்புப் போதும்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாயிருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, சித்திரைக்கு லீவு கேட்க மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஆ. வீரம்மா,
பிள்ளைக்காம்பரா ஆயா.