உப்புப் பூக்காத வலை

நைனா,

தூக்குல கஞ்சி வெச்சிருக்கேன். நேத்து மாதிரி நாய்க்கு ஊத்தாத, நான் பாத்துட்டேன்.

"இன்னாடி, எந்நேரமும் என்னையே நோட்டம் உடுற?"ன்னு கத்துனியே, ஆமா, உடுறேன். சித்தப்பா படகு கவுந்து செத்ததுலேர்ந்து நீ கடலுக்கே போகல. அம்மாகிட்ட "மீனே படல"ன்னு சொல்லிட்டு, போகாத வலைய நனைச்சுக் காயப்போடுற. அது அடிபம்புத் தண்ணி. கடல் தண்ணின்னா காஞ்சதும் உப்புப் பூக்கும். உன் வலையில ஒரு பொட்டு உப்பு இல்ல.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல. சாவி ஜன்னல் மேல. நான் காலேஜ்லேர்ந்து வந்தா என்கிட்ட பேசாத.

அர்ச்சனா

இன்னொண்ணு. பொய்யாச்சும் ஒழுங்கா சொல்லு. கடல் தண்ணிய மொண்டாந்து ஊத்து. அதுக்காவது முழங்கால் ஆழம் இறங்குவ இல்ல?